ஒன்றாம் குழி கடலில் இருக்கிறது

கில்ன்பி
3 அக்டோபர் 1993

வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் என் தம்பி வில்ஃபுக்கு,

தெல்மா எழுதுகிறேன். இனி உன்னோடு பேசுவதில்லை என்று ஈஸ்டரன்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் எழுதமாட்டேன் என்று சொன்ன ஞாபகம் இல்லை. அதனால் தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன்.

நேற்றோடு இந்தக் கோடையின் மினி கோல்ஃப் ஆட்டம் முடிந்தது. மட்டைகளைத் துடைத்து அடுக்கிவிட்டேன். பந்துகளைக் கழுவிக் கூடையில் போட்டுக் கொட்டகையைப் பூட்டினேன். கூட்டம் குறைவு என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. ஆகஸ்டில் வரிசை வாசல் கதவைத் தாண்டி நின்றதை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் உன் கேரவன் வண்டிப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்.

லீட்ஸிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவன் கையில் மட்டையை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். "ஏம்மா, பலகையில பத்தாம் குழியிலருந்து ஆட்டம்னு போட்டிருக்கே. ஒன்னாம் குழி எங்க?" என்றான். கையை நீட்டிக் கடலைக் காட்டினேன். "ரெண்டு?" "அதுவும் அங்கதான். ஒன்பது வரைக்கும் அங்கதான்." "அப்ப நம்பரை மாத்தி ஒன்னுலருந்து எழுதிட வேண்டியதுதானே?" "உனக்கு முன்பல்லு நாலும் கொட்டிப்போச்சுன்னா கடவாய்ப்பல்ல முன்பல்லுன்னு சொல்லிக்குவியா?" என்று கேட்டேன். அவன் பெண்டாட்டி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஐஸ்கிரீம் கீழே விழுந்தது. மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பா கட்டியது பதினெட்டுக் குழி. பத்திலிருந்து பதினெட்டு வரை ஒன்பது மீதி. பத்தாம் குழியில் அப்பா சிமெண்டில் செய்த திமிங்கலத்தின் வாலுக்கும் மேட்டு விளிம்புக்கும் நடுவில் இப்போது ஒரு குதிரைவண்டி திரும்ப முடியாது. களிமண் மேடு, குளிர்கால அலை கேக் வெட்டுவதுபோல் வெட்டுகிறது. ஆகவே மைதானம் உள்பக்கம் நகர வேண்டும். உள்பக்கம் என்றால் உன் வயல்தான். வேலியை ஒட்டி ஒரு துண்டு போதும். வசந்தம் வந்ததும் வேலியைப் பிரித்து வேலை தொடங்குகிறேன். உன்னிடம் கேட்பதற்காக இதை எழுதவில்லை. தெரிவிக்கிறேன்.

தெல்மா கார்பட்

---

கில்ன்பி, பண்ணை வீடு
10 அக்டோபர் 1993

அக்காவுக்கு,

உன் கடிதம் ஹல் நகரத் தபால் நிலையம்வரை போய் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. வேலி ஓரமாக நடந்து வந்திருந்தால் என் டீ ஆறுவதற்குள் வந்திருப்பாய். தபால்காரி மேவிஸ் அதைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "வில்ஃபு, உங்க ரெண்டு பேரு சண்டைக்கு நான் சைக்கிள் டயரு தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். வேலியில ஒரு ஓட்டையப் போட்டுத் தொலைங்களேன்."

அந்தத் துண்டு நிலத்தில் அடுத்த கோடைக்கு ஆறு கேரவன் நிறுத்தப்போகிறேன். தண்ணீர்க் குழாய்க்கு ஆள் வந்து அளந்துவிட்டுப் போய்விட்டான்.

வருஷா வருஷம் குளிர் தொடங்கியதும் டிராக்டரைக் கட்டி என் கேரவன்களை எல்லாம் உள்பக்கம் இழுத்துக்கொள்கிறேன். கடலோடு யாரும் வழக்குப் போட முடியாது. நகர்ந்துகொள்ள வேண்டியதுதான். நீயோ ஒன்பது குழி போகும்வரை அசையவில்லை. இப்போது திடீரென்று என் வேலியைப் பிரிப்பேன் என்கிறாய்.

தெரிவிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதையும் அடிக்கோடு போட்டு. உன் வாழ்க்கையில் யாரிடமாவது எதையாவது கேட்டிருக்கிறாயா அக்கா? அப்பாவும் அப்படித்தான். எனக்குப் பதினைந்து வயதில் நானாகவே ஒரு கலங்கரைவிளக்கம் செய்தேன், பத்தொன்பதாம் குழி என்று. இரண்டு வாரம் சிமெண்ட் குழைத்தேன். அப்பா வந்தார், ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "பதினெட்டு போதும்டா. இது கோணலா நிக்குது" என்றார். அதன்பிறகு அது கோழிகள் ஏறி உட்காரத்தான் பயன்பட்டது. நீ அப்போது பக்கத்தில்தான் நின்றாய். திமிங்கலத்துக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை.

மைதானம் உனக்கு, வயல் எனக்கு என்று அவர் எழுதி வைத்துவிட்டுப் போனார். அப்படியே இருக்கட்டும்.

டோரீன் தன் நாத்தனாரை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

வில்ஃப்

---

24 அக்டோபர் 1993

வில்ஃப்,

கோணலாகத்தான் இருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அதற்கு ஏன் முப்பத்தேழு வருஷம் காத்திருந்தாய்?

அப்பாவின் மண்ணை அப்பாவின் மகள் கேட்டு வாங்க வேண்டுமா? கேட்கமாட்டேன். உன் ஆறு டப்பாக்களையும் கொண்டுவந்து நிறுத்து. ஒவ்வொரு டப்பாவிலும் குழந்தைகள் இருக்கும். மழை விட்டதும் அவர்கள் எங்கே ஓடி வருவார்கள் என்று நினைக்கிறாய்? உன் டிராக்டரைப் பார்க்கவா? கீழே மணலில் ஓடுவதும், பாறைக் குட்டையில் நண்டு தேடுவதும், இரண்டு நாளைக்குத்தான். மூன்றாம் நாள் எல்லாரும் என் வாசலில்தான். உன் விளம்பரத் தாளில் "அருகிலேயே மினி கோல்ஃப்" என்று நீயே அச்சடித்திருக்கிறாய். மேவிஸ் காட்டினாள்.

இதையும் குறித்துக்கொள். நீயாக வந்து அழைத்தாலும் இனி உன் மண்ணில் கால் வைக்கமாட்டேன். இது சத்தியம்.

டோரீன் வேலிக்கு மேலே கொடுத்த இஞ்சி கேக் நன்றாக இருந்தது. இது அவளுக்குச் சொல்வது. உனக்கல்ல.

தெல்மா

---

19 ஜனவரி 1994

வில்ஃப் கார்பட் அவர்களுக்கு,

இனி இப்படித்தான் எழுதுவேன். அவர்களுக்கு. அந்நியருக்கு எழுதுவதுபோல.

இன்று கவுன்சிலிலிருந்து பிக்கரிங் என்று ஒரு இளைஞர் வந்தார். புது பூட்ஸ். களிமண்ணில் இறங்கியதும் ஒரு பூட்ஸ் மாட்டிக்கொண்டது, நான்தான் பிடுங்கிக் கொடுத்தேன். கையில் அளவு நாடா. திமிங்கலத்தின் வாலிலிருந்து விளிம்பு வரைக்கும் அளந்தார். பிறகு என் அடுப்படியில் உட்கார்ந்து என் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "ஒன்பது குழிக்குக் குறைஞ்சா இதை மைதானம்னு கணக்குல வைக்க முடியாதும்மா. லைசென்ஸ் ரத்தாயிடும். இன்னும் ஒன்னு போச்சுன்னா அவ்வளவுதான்."

"இத்தனை வருஷம் வராதவங்க இப்ப ஏன் வந்தீங்க?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. சும்மாதான் கேட்டேன்.

பாவம், பொய் சொல்லத் தெரியாத பையன். "பக்கத்து நிலத்துக்காரரு எழுதியிருந்தாருங்க" என்றார். பிறகுதான் பெயர்ப்பலகையில் இருக்கும் கார்பட்டும் கடிதத்தில் இருந்த கார்பட்டும் ஒன்று என்று அவருக்கு உறைத்தது. காது வரைக்கும் சிவந்துவிட்டார். இன்னொரு டீ ஊற்றிக் கொடுத்தேன்.

கடல் எடுப்பதை எடுக்கட்டும், அதற்குக் கண் இல்லை. உனக்கு இருக்கிறதே. மேஜையில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, முகவரி எழுதி, தபால்தலையை நாக்கில் நனைத்து ஒட்டும்வரை உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா?

தெல்மா கார்பட்
மைதானத்துக்கு உரியவள். இன்றைக்கும்.

---

23 ஜனவரி 1994

அக்கா,

எழுதியது நான்தான்.

இதை மூன்று தாளில் எழுதிக் கிழித்துவிட்டேன். டோரீன் "நேர்ல போய்ச் சொல்லித் தொலைங்க" என்கிறாள். நீ கதவைத் திறக்கமாட்டாய். எனவே இங்கேயே சொல்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. சிவப்புச் சட்டை போட்ட சின்னப் பெண், ஆறு வயது இருக்கும். பந்து திமிங்கலத்தைத் தாண்டி உருண்டது. கம்பிக்குக் கீழே குனிந்து அவள் அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் என் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து கத்தினேன். காற்று எதிர்ப்பக்கம். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. நீ ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாய்.

அன்றைக்கு ராத்திரியே பேனாவை எடுத்தேன்.

வேலியைச் சரி செய்யச் சொல்லித்தான் கவுன்சிலுக்கு எழுதினேன். அவர்கள் குழியை எண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த ஒன்பது கணக்கை நான் கேள்விப்பட்டதே இல்லை. நம்பினால் நம்பு.

உன்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். ஈஸ்டரிலிருந்து நாம் பேசுவதில்லையே.

வில்ஃப்

---

30 ஜனவரி 1994

வில்ஃப்,

காலரைப் பிடித்தது நான். அது உனக்கே தெரிகிறது. அன்று சாயங்காலமே அந்தக் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, தரையோடு தரையாகப் பலகை அடித்தேன். எலி நுழையாது. அதை நீ பார்க்கவில்லையா? பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்காமல் விடுவதில் நீ கெட்டிக்காரன்.

அந்தப் பெண்ணின் பெயர் ரோஸலிண்ட். அவளுக்குப் பந்தை இனாமாகக் கொடுத்தேன். "நாளைக்கும் வருவேன்" என்றாள். வந்தாள்.

நீ எழுதியதை நம்புகிறேன். மன்னிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு.

ஒன்பது இருக்கிறது. ஒன்பது போதும்.

தெல்மா

---

27 பிப்ரவரி 1994

அக்கா,

இதை மேவிஸிடம் கொடுக்காமல் உன் கதவிடுக்கில் டோரீன் செருகிவிட்டு வருவாள்.

காலையில் ஆட்டுக்குத் தீவனம் போடப் போனபோது பார்த்தேன். காற்று நின்றிருந்தது. வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. வழக்கமாக என் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் நீல முதுகைக் காணவில்லை. மேட்டோரம் போய்க் கீழே பார்த்தேன். திமிங்கலம் மணலில் படுத்திருந்தது. உடையவில்லை. மூக்கு கடல் பக்கம். அலை வந்து வயிற்றை நனைத்துவிட்டுப் போனது. அப்பா கட்டியது அப்படிப்பட்ட சிமெண்ட்.

நீயும் மேலே நின்றிருந்தாய். அந்தப் பச்சைக் கோட்டு. நான் கையைத் தூக்கினேன். நீ பார்த்தாயா என்று தெரியவில்லை.

பத்தாம் குழி போனால் எட்டுதான் மீதி. இனி லைசென்ஸ் கிடையாது. இதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை. பின்பக்கத்து அறை காலியாக இருக்கிறது. ஜன்னல் வயலைப் பார்த்தது. கடல் தெரியாது, சத்தம் மட்டும் கொஞ்சம் கேட்கும். டோரீன் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்திருக்கிறாள். உன் வீட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் இன்னும் எத்தனை குளிர்காலம் மிச்சம் இருக்கிறது என்று உனக்கே தெரியும். வந்துவிடு. மட்டை பந்தெல்லாம் கொட்டகையிலேயே இருக்கட்டும். யாரும் எடுத்துக்கொண்டு போகப்போவதில்லை.

வில்ஃப்

---

6 மார்ச் 1994

வில்ஃப்,

கையைத் தூக்கியதைப் பார்த்தேன்.

திமிங்கலம் கடைசியில் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மேவிஸ் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. ஹல் பத்திரிகையில் படம் போட்டிருக்கிறார்களாம். அலை இறங்கும் நேரம் பார்த்துக் கூட்டம் கூட்டமாக வந்து அதன்மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். மேட்டில் இருந்தபோது அதன் வாய்க்குள் பந்து போகவில்லை என்று திட்டியவர்கள்தான்.

மெத்தையை உள்ளே எடுத்து வைக்கச் சொல். எனக்கு மெத்தை இருக்கிறது. வயலைப் பார்க்கிற ஜன்னல் மாடுகளுக்கு நல்லது.

நான் மூடப்போவதில்லை. இன்று ஏணி போட்டுப் பலகையை இறக்கினேன். பத்து என்பதை வெள்ளைச் சாயத்தால் அழித்துவிட்டு எழுதினேன்: பதினொன்றாம் குழியிலிருந்து ஆட்டம் தொடங்கும். எழுத்து பழையதைவிட நன்றாக வந்திருக்கிறது. உன் வீட்டிலிருந்து தெரியும்படி ஓர் அடி உயர்த்தி மாட்டியிருக்கிறேன்.

தெல்மா

---

8 ஏப்ரல் 1994

அக்கா,

தெரிகிறது. டோரீன் தினமும் காலையில் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஈஸ்டருக்கு வந்த விருந்தினர்கள் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். உன் வாசலில் கவுன்சில் மாட்டிய சங்கிலி. "ஏங்க, புள்ளைங்க வருஷம் பூரா இதைச் சொல்லிச் சொல்லியே கொன்னுடுச்சுங்க. இப்ப பூட்டிக் கெடக்கே" என்று ஷெஃபீல்டுக்காரர் ஒருவர் கத்தினார். அவர் பையன் என் கால்மேல் உட்கார்ந்து அழுதான். கீழே மணலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திமிங்கலத்தைக் காட்டினேன். "இது செத்துப்போச்சா?" என்றான். இல்லை, ஓய்வெடுக்கிறது என்றேன். நான் சொன்ன பொய்களில் இதுதான் பெரியது.

ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன். ஒரே ஒரு தடவை கேள், அக்கா. ஒரு வரி போதும். 'வில்ஃப், அந்தத் துண்டு நிலத்தைக் கொடுப்பாயா?' அவ்வளவுதான். தண்ணீர்க் குழாய் ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவேன். எனக்கு அந்த வரி வேண்டும். ஏன் என்று கேட்காதே, எனக்கே சரியாகத் தெரியாது.

வில்ஃப்

---

17 ஏப்ரல் 1994

வில்ஃப்,

முடியாது.

தெல்மா

---

28 மே 1994, சனிக்கிழமை

வில்ஃப்,

திங்கட்கிழமை விடுமுறை, தபால் இல்லை. அதனால் இந்தக் கடிதத்தைப் பந்தில் சுற்றி வேலிக்கு மேலே எறிகிறேன். தலையில் பட்டிருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் எறிந்தேன்.

இன்று காலை மைதானத்தைத் திறந்தேன். ஆமாம், திறந்தேன். சங்கிலியை அறுக்கவில்லை, அது கவுன்சிலின் சொத்து. பக்கத்துப் பலகையைக் கழற்றி வேறு வாசல் வைத்தேன். பத்து மணிக்குப் பெவர்லி தேவாலயத்துப் பெண்கள் ஒரு பேருந்து நிறைய வந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் உன் கேரவன் குழந்தைகள், அவர்களுக்குப் பின்னால் அவர்களைத் தேடி வந்த அப்பா அம்மாக்கள். அவர்களுக்குப் பின்னால் பிக்கரிங். இந்தத் தடவை பழைய பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"என்னம்மா இது?" என்றார்.

"விருந்தாளிங்க வந்திருக்காங்க. புல்வெளியில வெளையாடுறாங்க."

"லைசென்ஸ் இல்லாம நடத்தக் கூடாதும்மா."

"நடத்துறதுன்னா என்ன தம்பி? காசு வாங்குறது. நான் யார்கிட்டயாவது ஒரு பென்னி வாங்குறதப் பாத்தியா? கொட்டகையில போய்ப் பாரு. டீக்கே காசு வாங்கல."

அவர் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தார். வெளியே வந்து தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். தேவாலயத்துப் பெண்களில் ஒருத்தி, உன் டிராக்டர் அளவு இருப்பாள், அவர் கையில் ஒரு மட்டையைத் திணித்தாள். "சும்மா நிக்காதப்பா. பதினொன்னுல காத்தாடி சுத்துது, றெக்கை இடிக்காம பந்து போடு பாக்கலாம்." நாலு தடவை இடித்தது. ஐந்தாம் தடவை உள்ளே போனதும் அந்தப் பையன் குதித்தான், வில்ஃப். கவுன்சில் ஆள் குதித்தான்.

இதெல்லாம் நன்றாகத்தான் நடந்தது. இப்போது நான் எழுத வந்தது வேறு.

பதினெட்டாம் குழியில் ஆட்டம் முடியும். பந்து அங்கே அப்பா கட்டிய குட்டித் தேவாலயத்தின் கதவுக்குள் போகும். உள்ளே குழாய். மண்ணுக்கடியில் வேலி ஓரமாக ஓடி என் கொட்டகைக் கூடையில் வந்து விழும். பந்தைத் திருப்பித் தராமல் எவனும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதென்று அப்பா செய்த ஏற்பாடு. நாற்பது வருஷமாக ஒரு பந்து தவறியதில்லை. இன்று மத்தியானம் கூடை காலி. ஒன்றுகூட விழவில்லை. அத்தனை பந்தும் கதவுக்குள் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

முழங்கால் போட்டுக் குழாயில் காது வைத்தேன். பந்து உருளும் சத்தம் கேட்டது. என் பக்கம் இல்லை. உன் பக்கம். அதற்கப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்டது. குழந்தைகள் சிரிப்பு. அதற்கு நடுவில் உன்னுடையதும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வாரமாகத் தார்ப்பாய் கட்டி மறைத்திருக்கிறாய். கேரவன் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கவுன்சிலுக்கு எழுதினாய், பொறுத்தேன். இப்போது பந்து திருடுகிறாயா? இந்தத் தாள் சுற்றியிருப்பதுதான் கடைசிப் பந்து. இதையும் வைத்துக்கொள்.

நான் அந்தப் பக்கம் வந்து பார்க்கமாட்டேன் என்று தெரிந்துதானே செய்கிறாய்.

தெல்மா

---

அன்று மாலை

அக்கா,

தலையில் படவில்லை. டோரீனின் தேநீர்க் கெண்டியில் பட்டது. மூக்கு போய்விட்டது. அவள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இதை உன் பக்கத்து வேலி முள்ளில் குத்தி வைக்கிறேன்.

பந்து திருடவில்லை. குழாயைத் திருப்பிவிட்டேன். போன வாரம் நீ சாயம் வாங்க ஹல்லுக்குப் போன பகலில், பதினெட்டாம் குழிக்குப் பின்னால் தோண்டி, வேலிக்கு அடியில் விட்டு இந்தப் பக்கம் எடுத்தேன். ஆமாம், உன் மண்ணில் கால் வைத்தேன். சத்தியம் செய்தது நீதானே. நான் ஒன்றும் செய்யவில்லையே.

பந்து எங்கே வந்து விழுகிறது என்று கேட்கிறாய். பத்தொன்பதாம் குழிக்கு வந்து விழுகிறது.

கோழிக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து என் கலங்கரைவிளக்கத்தை இழுத்துவர டிராக்டர் வேண்டியிருந்தது. அடிப்பக்கம் பாசி. கழுவி, வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை போட்டேன். டோரீன் மேலே விளக்குக்கு மஞ்சள் பூசினாள். தேவாலயத்தில் விழுந்த பந்து வேலியைத் தாண்டி, கலங்கரைவிளக்கத்தின் காலடியில் வந்து நிற்கும். அங்கிருந்து அடித்து அதன் கதவுக்குள் போட வேண்டும். உன் கூடைக்குப் போகிற குழாய் இப்போது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த வேலை மட்டும் இன்னும் முடியவில்லை. பந்துகள் எல்லாம் என் தொப்பியில் இருக்கின்றன, எடுத்துக்கொள்.

உன் புது வாசல் வழியாக நுழைந்தவர்கள் எல்லாரும் ஆட்டம் முடிந்ததும் வரிசையாக இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். வேலியில் டோரீன் ஏற்கெனவே ஒரு ஆள் போகிற அளவுக்கு வெட்டி வைத்திருந்தாள். நீ கொட்டகையில் டீ போட்டுக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. மேவிஸ்தான் முதலில் நுழைந்தாள். "ஓட்டை போடச் சொல்லி எட்டு மாசமாச்சு" என்றாள்.

பிக்கரிங்கும் வந்தார். விரல் விட்டு எண்ணினார். பதினொன்று, பன்னிரண்டு என்று தொடங்கிப் பத்தொன்பதில் நிறுத்தினார். "ஒன்பது இருக்குங்க. ஆனா பத்தொன்பதுன்னு ஒரு குழி பழைய பத்திரத்துல இல்லையே" என்றார். "எத்தனை குழி வேணும்னுதான் உங்க சட்டத்துல இருக்கு. எந்த நம்பர்லருந்து எந்த நம்பர் வரைக்கும்னு இருக்கா?" என்று கேட்டேன். யோசித்தார். இல்லை என்றார். செவ்வாய்க்கிழமை வந்து சங்கிலியை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, இன்னொரு தடவை ஆடலாமா என்று கேட்டார். அவர் கேட்டார், அக்கா. எவ்வளவு சுலபமாகக் கேட்டார் தெரியுமா?

ஆறு கேரவனும் வரவில்லை. தண்ணீர்க் குழாய் ஆளிடம் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டேன். நீ முடியாது என்று ஒற்றை வார்த்தையில் எழுதிய மறுநாள். அந்த வரி வரும் என்று நான் காத்திருந்தால் மிச்சம் எட்டும் கடலுக்குப் போயிருக்கும்.

நீ வந்து பார்க்கமாட்டாய் என்று தெரியும். வேலி ஓட்டை வழியாகக் குனிந்தால் தெரியும். கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கிறது.

வில்ஃப்

---

29 மே 1994, ஞாயிற்றுக்கிழமை, காலை

வில்ஃப்,

நீங்கள் எல்லாரும் தேவாலயத்துக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்தேன்.

குனிந்து பார்க்கவில்லை. நிமிர்ந்தே நுழைந்தேன். டோரீன் நன்றாகத்தான் வெட்டியிருக்கிறாள். சத்தியத்தை உடைத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லத் தொடங்கிவிடாதே. உன் மண்ணில் கால் வைக்கமாட்டேன் என்றுதான் சொன்னேன். பத்தொன்பதாம் குழி இருக்கும் இடம் மைதானம். மைதானம் என்னுடையது. இதில் என்ன சந்தேகம்?

கோணலாகத்தான் நிற்கிறது. அப்பா தலையைச் சாய்த்ததுபோல நானும் சாய்த்துப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தால் நேராகத் தெரிகிறது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருக்கலாம்.

உன் தொப்பியிலிருந்து ஒரு பந்து எடுத்தேன். முதல் அடி சுவரில் பட்டுத் திரும்பியது. கோணலாக இருப்பதால் நேராக அடித்தால் போகாது, இடது பக்கம் ஒரு விரல் தள்ளி அடிக்க வேண்டும். இரண்டாவதும் போகவில்லை. மூன்றாவது போனது. அப்பாவுடைய பதினெட்டில் எனக்கு இரண்டடிக்கு மேல் கேட்ட குழி ஒன்றுகூட இல்லை. உன்னுடையது மூன்று கேட்கிறது. இதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

கெண்டிக்கு என் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்து உன் படிக்கட்டில் வைத்திருக்கிறேன். அது டோரீனுக்கு.

பிறகு வேலி ஓரமாக நின்று கடல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பதினொன்றாம் குழிக் காற்றாடி இரண்டு குளிர்காலம் தாங்கும். பெரிய புயல் வந்தால் ஒன்றுதான். போகட்டும். முன்னால் கடல் ஒன்று எடுத்தால் பின்னால் நாம் ஒன்று வைப்போம். அதற்கு எப்போதும் ஒன்பது கணக்குக் காட்டுவோம். இருபது, இருபத்தொன்று, முப்பது என்று உன் வயலெல்லாம் நடந்து, உன் வீட்டைச் சுற்றிக்கொண்டு, சாலை வரைக்கும் போவோம். பலகையில் நம்பர் மட்டும் மாறும். ஒன்றிலிருந்து யாரும் தொடங்க வேண்டாம். ஒன்றாம் குழி எங்கே என்று கேட்பவர்களுக்குக் கையை நீட்டிக் காட்டக் கடல் இருக்கிறது.

இருபதாம் குழியை நான் கட்டுகிறேன். யானை. நேராக நிற்கும். அதற்கு உன் பார்லி வயலுக்குள் பதினைந்து கஜம் தள்ளி, அந்தப் பழைய கல்தொட்டி இருக்கிற மேடு வேண்டும். அது மைதானம் இல்லை. இன்னும் உன் மண்தான். அதில் நான் கால் வைக்கவில்லை, ஓரத்தில் நின்று பார்த்தேன்.

தேவாலய மணி அடித்து ஓய்ந்துவிட்டது, நீங்கள் வந்துகொண்டிருப்பீர்கள்.

வில்ஃப், அந்தத் துண்டு நிலத்தைக் கொடுப்பாயா?

பதிலை எழுதாதே. மேவிஸுக்கு டயர் தேய்கிறது. நான் கலங்கரைவிளக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கிறேன். வந்து வாயால் சொல்.

அக்கா